சுற்றல் அடங்கிவிடும், காதை முதலில் பாருங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது. தங்கைக்கு 34 வயது. ஒரு வாரம் சளியும் காய்ச்சலும். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் காலையில் கண் விழித்ததுமே வீடு சுற்றியது, நாள் முழுக்க வாந்தி. இடது காது அடைத்தது போல இருக்கிறது, உள்ளே ஓயாமல் 'ஙொய்' என்று சத்தம். பக்கத்துத் தெரு டாக்டர் தலைச்சுற்றலுக்கு மாத்திரையும் காதுக்குச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். இன்றோடு ஒன்பது நாள். வாந்தி நின்றுவிட்டது, சுற்றலும் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். காது மட்டும் திறக்கவில்லை. மாமியார் பித்தம் என்கிறார், கணவர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்கிறார். காது பழையபடி கேட்குமா? நடை எப்போது சரியாகும்? வேலைக்கு ஸ்கூட்டரில் போக எத்தனை நாள் ஆகும்?

ஒன்பதாம் நாள் என்பதால் கீழே இருப்பதையெல்லாம் பிறகு வாசித்துக்கொள்ளலாம். நாளை காலை முதல் வேலையாக, ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை, எடுக்கும் வசதியுள்ள காது மூக்கு தொண்டை டாக்டரிடம் தங்கையைக் கூட்டிப் போங்கள். சீட்டு போடும் இடத்திலேயே, "காய்ச்சலுக்கு அப்புறம் திடீரென்று ஒரு காது கேட்கவில்லை, ஒன்பது நாளாகிறது" என்று சொல்லுங்கள். தலைச்சுற்றலில் ஆரம்பித்தால் பேச்சு முழுக்க அதிலேயே போய்விடும், காது கடைசியில்தான் வரும். முதலில் காது.

இருபது வருடமாகக் கேட்புத்திறன் சோதிக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இதே வரிசையில் இதே கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். வீட்டாரை மிரட்டுவது தலைச்சுற்றல்தான். வாந்தி, வியர்வை, கண்ணைத் திறக்க முடியாத நிலை என்று பார்க்கவே பயமாக இருக்கும். நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஓடுகிறார்கள், டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள், தலைக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு அந்தச் சுற்றல் எப்படியும் அடங்கத்தான் போகிறது. காது அப்படியில்லை. வலி இல்லை, சீழ் இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. "சளி அடைச்சிருக்கு, தானா திறந்துக்கும்" என்று ஒரு வாரம், பிறகு இன்னொரு வாரம். என்னிடம் வந்து சேரும்போது இரண்டு மாதம் ஆகியிருக்கும். செய்யக்கூடிய சிகிச்சைக்கு இருந்த நாட்கள் அதற்குள் கடந்திருக்கும். உங்கள் தங்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் பார்த்த டாக்டரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சளியோடு காது அடைத்து வருகிறவர்களில் மிகப் பலருக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கும், அல்லது அழுக்கு அடைத்திருக்கும். அது உண்மையிலேயே தானாகவோ சாதாரண மருந்திலோ சரியாகிவிடும். நரம்புக் கோளாறும் நோயாளிக்கு அதே 'அடைத்த மாதிரி' உணர்வைத்தான் தரும். சொல்லும் வார்த்தையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரு எளிய வழி உண்டு, இன்றிரவே செய்து பார்க்கலாம். தங்கையை வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்ம்' என்று தாழ்ந்த சுருதியில் முனகச் சொல்லுங்கள். அந்தச் சத்தம் எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது என்று கேளுங்கள். அடைத்திருக்கும் இடது காதிலேயே பலமாகக் கேட்டால் அழுக்கு, நீர் போன்ற வெறும் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாக இருக்கும் வலது காதுப் பக்கம் சத்தம் ஓடினால் உள்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். டாக்டர்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்க்கும் வெபர் சோதனையின் வீட்டு வடிவம் இது. ஆடியோகிராமுக்கு மாற்று இல்லை, ஆனாலும் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதை ஓரளவு சொல்லிவிடும். இடது பக்கம்தான் கேட்கிறது என்றாலும் டாக்டரிடம் போவதை நிறுத்தாதீர்கள், இவ்வளவு தலைச்சுற்றல் வந்த காதைச் சோதிக்காமல் விடக்கூடாது.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். காதின் ஆழத்தில், மண்டையோட்டின் மிகக் கெட்டியான எலும்புக்குள், இரண்டு வேலைகளைச் செய்யும் ஒரே உறுப்பு இருக்கிறது. நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் பகுதி, அதாவது காக்ளியா, கேட்பதற்கு. அதன் பக்கத்திலேயே மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் சமநிலைக்கு. எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் திரவம் ஒன்றோடொன்று தொடர்புடையது. இரண்டின் செய்தியையும் மூளைக்குக் கொண்டு போவது எட்டாவது மண்டை நரம்பு. வைரஸாலோ அதை எதிர்த்து உடம்பு காட்டும் அழற்சியாலோ இந்த இடம் வீங்கினால், பாதிப்பு எங்கே என்பதைப் பொறுத்து நோய் மாறும். சமநிலை நரம்பு மட்டும் அடிபட்டால் சுற்றல் வரும், காது நன்றாகவே கேட்கும். இதை வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் என்கிறோம். உள்காதே அடிபட்டுச் சுற்றலோடு கேட்கும் திறனும் போனால் லேபிரின்தைட்டிஸ். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் தங்கைக்கு இரண்டாவது வகையாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. நேரில் பார்த்துச் சோதித்தால்தான் உறுதி.

ஏன் வீடே சுற்றுகிறது? தலை அசையாமல் இருக்கும்போதுகூட இரண்டு காதுகளின் சமநிலை உறுப்புகளும் மூளைக்கு இடைவிடாமல் சமமான செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. தராசின் இரண்டு தட்டு போல. தலையை வலது பக்கம் திருப்பினால் வலது காதின் செய்தி கூடும், இடதின் செய்தி குறையும், அதை வைத்துத்தான் 'திரும்புகிறேன்' என்று மூளை அறிகிறது. இப்போது இடது காது திடீரென்று மௌனமாகிவிட்டால் மூளைக்குக் கிடைப்பது என்ன? வலதில் செய்தி, இடதில் ஒன்றுமில்லை. தலை வலது பக்கம் வேகமாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது என்று அது முடிவு செய்துவிடுகிறது. கண்கள் அதற்கேற்ப இடது பக்கம் மெல்ல நகரும், பிறகு வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பும், மறுபடி நகரும். முதல் இரண்டு நாளில் தங்கையின் கண்ணைப் பார்த்திருந்தால் இந்தத் துடிப்பைக் கண்டிருப்பீர்கள். நடக்கும்போது அவர் இடது பக்கமாகச் சாய்வதும் இதனால்தான்.

தலைச்சுற்றல் காதிலிருந்து வரலாம் என்பதே ரொம்பப் பழைய அறிவு இல்லை. மூளையில் ரத்தம் தேங்குவதால் வருகிறது என்றுதான் ஐரோப்பிய டாக்டர்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாரிஸில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பெர் மெனியர் 1861இல்தான் உள்காதைச் சுட்டிக் காட்டினார். அப்புறம் வியன்னாவில் ராபர்ட் பாரானி, காதைக் கழுவ ஊற்றும் தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருந்தாலோ சூடாக இருந்தாலோ நோயாளிக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். அதையே சோதனையாக மாற்றினார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. காதில் குளிர்நீரும் வெந்நீரும் விட்டுக் கண்ணின் துடிப்பைப் பார்க்கும் அந்தச் சோதனையை இன்றைக்கும் செய்கிறோம். தங்கைக்கும் செய்யச் சொன்னால் பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு நிமிடம் சுற்றும், பிறகு அடங்கிவிடும்.

இனி வைரஸ் பற்றி. எந்த வைரஸ் என்று பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது, சிகிச்சைக்கு அது தேவையுமில்லை. சாதாரணச் சளிக் காய்ச்சலுக்குப் பிறகு வரலாம். உதட்டில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸ் நரம்பு முடிச்சில் வருடக்கணக்கில் தூங்கிக் கிடந்து மறுபடி கிளம்புவதும் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் 2024 ஜூனில் தன் அனுபவத்தை வெளிப்படையாக எழுதினார். விமானத்திலிருந்து இறங்கியபோது திடீரென்று எதுவும் கேட்கவில்லை என்றும், வைரஸ் தாக்குதலால் நரம்பு சார்ந்த கேட்புத்திறன் இழப்பு ஏற்பட்டிருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள் என்றும் தெரிவித்தார். அடுத்த சில வாரங்களில் 'எனக்கும் காது அடைச்ச மாதிரி இருக்கு' என்று சீக்கிரமாகவே சோதனைக்கு வந்த சிலரைப் பார்த்தேன். அவர் வெளியே சொன்னதற்கு மனதார நன்றி சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வைரஸ்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று அக்கி. சின்னம்மை போட்டுப் போன பிறகும் அந்த வைரஸ் நரம்பில் தங்கிவிடும், பல வருடம் கழித்து அக்கியாக வரும். அது காதுப் பக்கத்து நரம்பில் வந்தால் காது மடலிலும் துளையிலும் சிறு கொப்புளங்கள், கடுமையான வலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, கூடவே காது கேளாமை, சுற்றல். 1907இல் இதை விவரித்த அமெரிக்க நரம்பியல் மருத்துவரின் பெயரால் ராம்சே ஹன்ட் நோய் என்பார்கள். பாப் பாடகர் ஜஸ்டின் பீபர் 2022இல் பாதி முகம் அசையாத நிலையில் வீடியோ போட்டாரே, அது இதுதான். இதற்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்து, முடிந்தால் முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். தங்கையின் இடது காதை வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். ஒரு கொப்புளமோ அதன் பொருக்கோ இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று பொன்னுக்கு வீங்கி. இதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. கன்னம் வீங்கும், வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள், கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள், பத்து நாளில் சரியாகிவிடும். சில குழந்தைகளுக்கு அந்தப் பத்து நாளில் ஒரு காது முழுவதுமாகப் போய்விடும், பெரும்பாலும் நிரந்தரமாக. இன்னொரு காது நன்றாக இருப்பதால் குழந்தைக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. ஒன்பது வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். போனை எப்போதும் ஒரே காதில்தான் வைக்கிறான், மற்ற காதில் வைத்துக் கொடுத்தால் 'போன் ரிப்பேர்' என்கிறான் என்று அவன் பாட்டி கவனித்திருக்கிறார். விசாரித்தால் எட்டு மாதம் முன்பு பொன்னுக்கு வீங்கி. இரண்டு நாள் வாந்தி எடுத்தான், தள்ளாடினான், காய்ச்சல் அசதி என்று நினைத்தோம் என்றார்கள். அவன் ஆடியோகிராமில் வலது காதுக் கோடு தாளின் அடிமட்டத்தில் இருந்தது. அந்தப் பாட்டியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்துத்தான் ஊசி போடுகிறார்கள், தமிழ்நாட்டில் 2017இல் பெரிய இயக்கமாகத் தொடங்கியது. பொன்னுக்கு வீங்கிக்கான பாகம் அதில் இல்லை. மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசியைத் தனியாரில்தான் போட வேண்டியிருக்கிறது. 2024இல் கேரளத்தில் பொன்னுக்கு வீங்கி நிறைய பரவியது. உங்கள் வீட்டிலோ தங்கை வீட்டிலோ சிறு குழந்தைகள் இருந்தால் குழந்தை டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். ருபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் உள்ள குழந்தையின் காதையே பறிக்கக்கூடியது. அமெரிக்காவில் 1964-65இல் அது பரவியபோது பாதிப்போடு பிறந்த சுமார் 20,000 குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் காது கேளாதவர்கள்.

சரி, தங்கைக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? ஆடியோகிராமில் அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருந்து, அது மூன்று நாளுக்குள் ஏற்பட்டிருந்தால் 'திடீர் நரம்புவழிக் கேளாமை' என்று கணக்கு. வழக்கமாகக் கொடுப்பது ஸ்டீராய்டு மாத்திரை, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் வரை, ஒன்றிரண்டு வாரம், அப்புறம் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது. அதில் போதிய பலன் இல்லையென்றால் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம், இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மாத்திரைக்குப் பதில் நேராகவே இந்த ஊசியைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. ஊசி என்றதும் பயம் வரும், ஆனால் காதை மரக்கச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள். இந்த மாத்திரையை நீங்களே மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுப் புண், காசநோய் இதெல்லாம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தங்கை கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ அதையும் சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு மந்திரம் இல்லை. 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 61 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம் பேருக்கும் காது திரும்பியது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இவ்வளவு தெளிவான வித்தியாசத்தைக் காட்டவில்லை. சமீபத்தில் ஜெர்மனியில் நடந்த பெரிய ஆய்வில், வழக்கமான அளவைவிடப் பல மடங்கு கொடுப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று தெரிந்தது. ஆகவே 'ஹை டோஸ்' கேட்டு அலைய வேண்டாம். தானாகவே திரும்புகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறார்கள். இருந்தும் ஏன் மருந்தை வலியுறுத்துகிறேன்? காக்ளியாவுக்குள் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் சுமார் 15,000தான். கோழிக்கும் குருவிக்கும் அவை மறுபடி முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது. காப்பாற்ற வாய்ப்பு இருக்கும் நாட்களில் காப்பாற்றப் பார்க்க வேண்டும்.

திரும்புமா என்று கேட்டீர்கள். வயது 34 என்பது சாதகம். இழப்பு எவ்வளவு என்பது பெரிய விஷயம், லேசாகவோ நடுத்தரமாகவோ போயிருந்தால் நம்பிக்கை அதிகம், மொத்தமாகப் போயிருந்தால் குறைவு. கூடவே கடுமையான தலைச்சுற்றல் வந்திருப்பது சாதகமான அறிகுறி இல்லை, இதை மறைக்க விரும்பவில்லை. முன்னேற்றம் முதல் சில வாரங்களிலேயே ஓரளவு தெரிந்துவிடும், அதனால் சிகிச்சை முடிந்ததும், பிறகு சில மாதம் கழித்தும் ஆடியோகிராமைத் திரும்ப எடுங்கள். ஒரு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். திடீரென்று காது போனவர்களில் நூற்றுக்கு ஒரு சிலருக்கு அந்த நரம்பில் சிறு கட்டி இருக்கும், புற்றுநோய் இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. 'வைரஸ்தானே' என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பக்கவாதமும் இதே வேடத்தில் வரலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்காதுக்கு ரத்தம் கொண்டு போவது மூளையின் பின்பகுதிக்குப் போகும் குழாயின் ஒரு மெல்லிய கிளை. அது அடைத்தாலும் சுற்றலும் காது கேளாமையும் சேர்ந்து வரும். வாய் குழறுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, கை கால் மரப்பது அல்லது பலவீனம், விழுங்க முடியாமை, இதுவரை இல்லாத கடும் தலைவலி அல்லது கழுத்து வலி, பிடித்துக்கொண்டாலும் நிற்கவே முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் காது டாக்டர் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வயதானவர்கள், சர்க்கரை, பிபி உள்ளவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம். முதல் இரண்டு நாளில் எடுக்கும் எம்ஆர்ஐகூடச் சில சமயம் சிறு பக்கவாதத்தைக் காட்டாது. அங்கே டாக்டர் தலையை இரு கையாலும் பிடித்துச் சட்டென்று கொஞ்சம் திருப்பிக் கண்ணைப் பார்ப்பார். விந்தை என்னவென்றால், இந்தச் சோதனையில் கண் நழுவிவிட்டு மறுபடி வந்து பிடித்தால் கோளாறு காதில். சுற்றல் ஓயாமல் இருக்கும்போதே கண் துளியும் நழுவாமல் நின்றால்தான் மூளையைச் சந்தேகிப்பார்கள். பழகிய கைகள் செய்ய வேண்டியது, வீட்டில் முயல வேண்டாம்.

இனி நடை. இங்கே நான் சொல்லப் போவது வீட்டில் பெரியவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். தலைச்சுற்றல் மாத்திரையை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் நாளையே கேளுங்கள். புரோகுளோர்பெரசைன், சின்னரிசைன் போன்றவை முதல் இரண்டு மூன்று நாள் வாந்திக்கும் தவிப்புக்கும் மிகவும் தேவை. அதற்குமேல் தொடர்ந்தால் அவை மூளையை மந்தமாக்கும். மூளையோ இப்போது மும்முரமாகப் பாடம் படிக்க வேண்டிய நேரம். இடது காதின் செய்தி குறைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, வலது காதையும் கண்ணையும் பாதங்களிலிருந்து வரும் உணர்வையும் வைத்துப் புதுக் கணக்குப் போடக் கற்றுக்கொள்கிறது. தலையை அசைத்து, தவறு செய்து, திருத்திக்கொண்டால்தான் இந்தக் கற்றல் நடக்கும். மாதக்கணக்கில் மாத்திரை போட்டுக்கொண்டு, தலையை அசைக்காமல் பொம்மை போல நடந்து, ஒரு வருடம் ஆகியும் தள்ளாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்திப் பயிற்சி தொடங்கிய ஆறாவது வாரம் தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

இந்தப் பயிற்சியை 1940களில் இங்கிலாந்தில் காது அறுவை நிபுணர் காதோர்னும் மருத்துவர் குக்ஸியும் சேர்ந்து உருவாக்கினார்கள். சீக்கிரம் எழுந்து நடமாடியவர்கள், படுத்தே கிடந்தவர்களைவிட விரைவில் தேறினார்கள் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த துப்பு. தங்கைக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இது. கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி வையுங்கள், காலண்டர் தாளின் தேதிகூடப் போதும். உட்கார்ந்தபடி அந்த எழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் 'இல்லை இல்லை' என்று ஆட்ட வேண்டும், எழுத்து மங்காத வேகத்தில். ஒரு நிமிடம். பிறகு 'ஆமாம் ஆமாம்' என்று மேலும் கீழும் ஒரு நிமிடம். இந்த இரண்டையும் இன்னொரு தடவை செய்தால் ஒரு முறை முடிந்தது. ஒரு நாளைக்கு இப்படி மூன்று முறையாவது, மொத்தம் பன்னிரண்டு நிமிடமாவது தேற வேண்டும். லேசாகச் சுற்றும், குமட்டும். அப்படிச் சுற்றுவதுதான் பயிற்சி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டால் சரியான அளவு. இரண்டு நாள் கழித்து நின்றபடி, பிறகு நடந்தபடி.

சுவர் மூலையில் முதுகு வைத்து, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பாதங்களைச் சேர்த்து நிற்பது இன்னொன்று. முதலில் கண் திறந்து, பிறகு மூடி. யாராவது பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் காலையில் மொட்டை மாடியில் நடை, ஒவ்வொரு நாலு அடிக்கும் இடமும் வலமும் பார்த்துக்கொண்டு. கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதும் நல்ல பயிற்சி, கல்தரையின் மேடுபள்ளம் பாதத்துக்கு வேலை கொடுக்கும். துணி மடிக்கட்டும், காய் நறுக்கட்டும், அலமாரியின் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு டப்பாக்களை மாற்றி அடுக்கட்டும். 'நீ படு, நாங்க பாத்துக்கறோம்' என்று அன்பாகச் சொல்லி முடக்கிவிடாதீர்கள். வெஸ்டிபுலர், அதாவது சமநிலைப் பயிற்சி தெரிந்த ஆடியாலஜிஸ்ட்டோ (கேட்புத்திறன் நிபுணர்) பிசியோதெரபிஸ்ட்டோ கிடைத்தால் அவரிடம் போவது இன்னும் நல்லது.

பித்தம் என்ற பேச்சை எடுத்துக்கொண்டால், மாமியார் இஞ்சிச் சாறு கொடுத்தால் குமட்டலுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், அதோடு சரி. காதில் எண்ணெய் மட்டும் விட விடாதீர்கள். பூண்டு போட்டுக் காய்ச்சினாலும் அது செவிப்பறையோடு நின்றுவிடும், நோய் அதற்கு வெகு உள்ளே. கழுத்தெலும்புத் தேய்மானம் வாந்தியோடு இப்படிச் சுற்றவும் வைக்காது, காதையும் அடைக்காது. கழுத்துப் பட்டி போட்டால் தலை அசையாது, தலை அசையாவிட்டால் மூளை கற்காது.

முழுக்கத் தேற சிலருக்கு மூன்று வாரம், பலருக்கு இரண்டு மூன்று மாதம். இடையில் சில விஷயங்கள் வரும், அவை தெரிந்திருந்தால் பயமிருக்காது. வேலை செய்யாமலே அசதி, கவனம் சிதறுவது. சமநிலைக்காக மூளை பின்னணியில் ஓயாமல் உழைப்பதன் களைப்பு அது. ஜவுளிக்கடையில் அடுக்கடுக்கான புடவைகளைப் பார்த்தாலோ போனில் வேகமாகத் தள்ளிப் பார்த்தாலோ கிறுகிறுக்கும், கண்ணையே அதிகம் நம்பி நிற்பதால். தேறிய பிறகு திடீரென்று ஒருநாள் படுக்கையில் புரளும்போது மட்டும் அரை நிமிடம் பலமாகச் சுற்றினால் நோய் திரும்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிக் குழாய்க்குள் விழுந்திருக்கலாம். எப்லி முறையில் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் பெரும்பாலும் ஓரிரு தடவையிலேயே சரிசெய்துவிடுவோம். மூன்று மாதம் தாண்டியும் மிதப்பது போலவே இருந்தால் மறுபடி காட்டுங்கள், அதற்கும் பெயரும் சிகிச்சையும் இருக்கின்றன.

ஒருவேளை காது திரும்பாவிட்டால்? ஒரு காது இருந்தால் போதும் என்று பலரும் ஆறுதல் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது, கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் பேசுவது புரியாது, இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திமிரில் பேசாமல் போகிறாள் என்று நினைப்பார்கள். சட்டம்கூட இரண்டு காதும் பாதிக்கப்பட்டால்தான் மாற்றுத்திறன் என்று கணக்கில் எடுக்கிறது. ஆகவே வீட்டார் அவரது வலது பக்கமாக வந்து பேசுங்கள், சாப்பாட்டு மேசையில் இடது காது சுவர்ப் பக்கம் இருக்கும்படி அவரை உட்கார வையுங்கள். கொஞ்சமாவது மிச்சமிருந்தால் சாதாரணக் காது மிஷின் உதவும். மொத்தமும் போயிருந்தால், கேட்காத பக்கத்துச் சத்தத்தை வாங்கி நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் மிஷின் இருக்கிறது, அறுவை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட்டும் இருக்கிறது. காதுக்குள் கேட்கும் அந்த 'ஙொய்' இரைச்சலுக்கு மிஷினே பாதி மருந்து. இரவில் மின்விசிறிச் சத்தமோ மெல்லிய பாட்டோ ஓடவிட்டால் தூக்கம் வரும். முழு அமைதியில்தான் இரைச்சல் பெரிதாகத் தெரியும்.

கடைசியாக ஸ்கூட்டர். சுவர் பிடிக்காமல் நடப்பது போதாது. வேகமாக நடந்துகொண்டே தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்க்க வேண்டும், அப்போது நடை கோணக்கூடாது, பார்வை தாவக்கூடாது. கண்ணை மூடி, பாதம் சேர்த்து அரை நிமிடம் நிற்க வர வேண்டும். மந்தமாக்கும் மாத்திரை எதுவும் எடுக்காமல் இருக்க வேண்டும். இவை மூன்றும் கைவந்த பிறகு, டாக்டரும் சரி என்று சொன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி குறைவான தெருவில், பின்னால் ஒருவரை உட்கார வைக்காமல் ஓட்டிப் பார்க்கட்டும். இரவு ஓட்டம் அதற்கும் சில வாரம் கழித்து, ஏனென்றால் இருட்டில் கண் உதவாது. அதே காரணத்தால் ஆற்றிலோ கிணற்றிலோ முங்கிக் குளிப்பதும் இப்போதைக்கு வேண்டாம், தண்ணீருக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். இடது பக்கம் வரும் ஹாரன் இனி சரியாகக் கேட்காமல் போகலாம், இரண்டு பக்கமும் கண்ணாடி இல்லாமல் வண்டியை எடுக்க விடாதீர்கள். நாளைக்கு எடுக்கும் ஆடியோகிராமை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஒவ்வொன்றையும் அதோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கும்.